வெந்நீர் ‘பிரசன்ட்லி’: குன்னூர் பக்கம் ஒரு பழைய பங்களாவில் இரண்டு இரவு

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். குறைத்த ஒன்று வெந்நீருக்காக. இல்லை, ஒழுங்காகச் சொன்னால் ஒரு ஆங்கிலச் சொல்லுக்காக. அந்தக் கதையை விட்டுவிட்டு இந்த இடத்தைப் பற்றி எழுத முடியாது, அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயரைப் போடவில்லை. குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் சாலையில் ஒரு இடத்தில் மெயின் ரோட்டை விட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கினால் வரும் ஓட்டு பங்களா, அவ்வளவு தெரிந்தால் போதும். மொத்தமே நான்கு அறைதான். நாங்கள் இரண்டு எடுத்தோம், ஒன்றில் நானும் மனைவியும், இன்னொன்றில் அம்மாவும் மகளும். அறைக்கு ஒரு இரவு 3,200 ரூபாய், காலைச் சாப்பாடு சேர்த்து. டிசம்பர் கடைசியில் இந்த விலைக்கு இவ்வளவு பெரிய அறை, மரத்தரை, ஜன்னலைத் திறந்தால் தேயிலை, எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை. வெளி மாவட்ட வண்டி என்றால் இ-பாஸ் எடுத்துக்கொண்டு போங்கள், சோதனைச் சாவடியில் பார்க்கிறார்கள். தண்ணீர் பாட்டிலையும் அங்கேயே பிடுங்கிக்கொள்வார்கள், ஸ்டீல் பாட்டில் எடுத்துப் போங்கள்.

பங்களாக்காரர் எழுபதைத் தாண்டியவர். மலையில் ஒரு போர்டிங் ஸ்கூலில் முப்பது வருஷத்துக்கு மேல் ஆங்கிலம் எடுத்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் ‘சார்’தான், எனக்கும். வாட்ஸ்அப்பில் செய்தி போட்டால்கூட முற்றுப்புள்ளி வைத்துத்தான் போடுவார்.

முதல் நாள் காலை ஐந்தே முக்கால் இருக்கும். மார்கழி மாசம், விடிவதற்குள் தலைக்குக் குளித்தாக வேண்டும் அம்மாவுக்கு. ஈரோட்டில் அது ஒன்றும் பெரிய காரியமில்லை, இங்கே போனில் 9 டிகிரி காட்டுகிறது. பாத்ரூமில் கீசர் மாட்டியிருந்தது, ஆனால் விளக்கு எரியவில்லை. வாசல் படிக்குப் போய் சாருக்குச் செய்தி போட்டேன்: ‘ஹாட் வாட்டர், சார்?’ அந்த நேரத்திலும் முழித்திருந்தார். ஒரே நிமிஷத்தில் பதில்: ‘ஹாட் வாட்டர் பிரசன்ட்லி.’ முற்றுப்புள்ளியோடு.

எங்கள் ஆபீஸில் ஒருவர் ‘பிரசன்ட்லி ஆன் லீவ்’ என்று மெயில் வந்தால் ஆள் இன்றைக்கு லீவு என்று அர்த்தம். வேலைக்கு விண்ணப்பம் போடுகிற பையன்கள் எல்லோரும் ‘பிரசன்ட்லி ஒர்க்கிங்’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஆகவே நான் படித்துக்கொண்டது: வெந்நீர் தற்போது இருக்கிறது. அம்மாவிடம் போய் ‘வருதாம்மா, திறந்து ஊத்திக்கோ’ என்று சொல்லிவிட்டு வந்து போர்வைக்குள் புகுந்தேன்.

அடுத்த அறையிலிருந்து வந்த சத்தத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை போதாது. முதல் செம்பைத் தலையிலேயே ஊற்றிவிட்டார். துண்டைச் சுற்றிக்கொண்டு நடுங்கியபடி கதவைத் தட்டி, ‘ஏங்கண்ணு, இப்ப வருதுன்னுதானே சொன்னே?’ என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, ரொம்ப அமைதியாகக் கேட்டார்.

பின்பக்கம் எட்டிப் பார்த்தால் அக்கா, அதாவது சமையலும் வீட்டையும் பார்த்துக்கொள்கிறவர், அப்போதுதான் செம்பு பாய்லருக்குக் கற்பூர மரத்து விறகைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார். ‘இதோ கொண்டு வந்துட்டேனுங்க’ என்றார். பத்து நிமிஷம் கழித்து மறுபடி எட்டிப் பார்த்தேன், ‘வந்துட்டேன், வந்துட்டேன்.’ வெந்நீர் வந்தபோது ஆறரை. வந்த வெந்நீர் பிரமாதம், அதையும் சொல்லிவிட வேண்டும். லேசாகப் புகை வாசம், கற்பூர இலை வாசம், இரண்டு பக்கெட், கை வைக்க முடியாத சூடு. கீசர் தண்ணீரில் இந்தச் சுகம் கிடையாது.

காலைச் சாப்பாட்டில் சாரிடம் கேட்டேன். ‘வெந்நீர் இருக்குன்னு போட்டீங்களே சார்.’ ‘இருக்குன்னு எங்கே போட்டேன், பிரசன்ட்லின்னுதானே போட்டேன்?’ ‘அதைத்தான் சார் சொல்றேன்.’ ‘நானும் அதைத்தான் சொல்றேன்.’ இப்படியே ஒரு தோசை ஆறிப்போனது. அவர் அகராதியில் பிரசன்ட்லி என்றால் ‘சற்று நேரத்தில்’ என்று எனக்குப் புரியவும், என் அகராதியில் அது ‘இப்போது’ என்று அவருக்குப் புரியவும் இன்னொரு தோசை.

அப்புறம்தான் மனிதர் எழுந்து போய் அலமாரியிலிருந்து இரண்டு பைபிளை எடுத்து வந்தார். ஒன்று 1611இல் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு, இன்னொன்று தமிழ். இரண்டிலும் மத்தேயு 21ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்தார். பழமில்லாத அத்திமரத்தை இயேசு சபிக்கிற இடம். ஆங்கிலத்தில் மரம் ‘பிரசன்ட்லி’ பட்டுப்போகிறது. தமிழில் ‘உடனே’ பட்டுப்போகிறது. ‘சற்று நேரத்தில் பட்டுப்போயிருந்தா அது என்ன அற்புதம்?’ என்றார் சார். 1881இல் இந்த ஆங்கிலப் புதிய ஏற்பாட்டைத் திருத்தி வெளியிட்டார்கள், அதில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘இம்மீடியட்லி’ போட்டுவிட்டார்கள். நடுவில் போன 270 வருஷத்தில் பிரசன்ட்லியின் சூடு ஆறிவிட்டது, அப்படியே விட்டால் மரம் ஆற அமரக் காய்ந்தது போல ஆகிவிடும்.

ஷேக்ஸ்பியரும் பழைய அர்த்தத்தில் எழுதியிருக்கிறார். டெம்பஸ்ட் நாடகத்தில் மந்திரவாதி புராஸ்பரோ ஏவல் பூதம் ஏரியலிடம் ஒரு வேலை சொல்கிறார். ‘பிரசன்ட்லியா?’ என்கிறது அது. ஆமாம், கண் சிமிட்டும் நேரத்தில், என்கிறார் அவர். அப்படியொரு வேகம் அந்தச் சொல்லுக்கு இருந்திருக்கிறது. எங்களுக்கு வந்ததோ நாற்பத்தைந்து நிமிஷம்.

‘அப்போ நான் புரிஞ்சுக்கிட்டது தப்பா சார்?’ என்று கேட்டேன். இங்கேதான் எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது, தன் பக்கமே பேசவில்லை. சொல்லுக்குள்ளேயே ‘பிரசன்ட்’ இருக்கிறது, ஆரம்பத்தில் ‘இந்நேரத்தில்’ என்பதும் அதற்கு அர்த்தமாக இருந்தது, என் அர்த்தம் ஒன்றும் புதுசாக முளைத்ததில்லை என்றார். பிறகு ‘இந்தக் கணமே’ என்ற அர்த்தம் மேலோங்கி, அது தேய்ந்து தேய்ந்து ‘கொஞ்ச நேரத்தில்’ ஆனது. இங்கிலாந்தில் எழுத்து அந்த இடத்தில் நின்றுவிட்டது. ஸ்காட்லாந்துக்காரர்கள் ‘இப்போது’ என்பதை விடவே இல்லை, அமெரிக்காவில் அது மறுபடி பரவியது, நம் ஆபீஸ் ஆங்கிலமும் அந்தப் பக்கம்தான். குழப்பம் வராமலிருக்க ஒரு வழி உண்டாம், வினைச்சொல்லைப் பார்க்க வேண்டும். ‘வில்’ கூட வந்தால் சற்று நேரத்தில், ‘ஈஸ்’ கூட வந்தால் இப்போது. ‘சார், நீங்க ரெண்டுமே போடலையே’ என்றேன். போனை வாங்கிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ‘என் மாணவன் எழுதியிருந்தா மார்க்கைக் குறைச்சிருப்பேன்’ என்றார். அந்த ஒரு நட்சத்திரத்தை நான் குறைத்தது அவர் பேச்சைக் கேட்டுத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து அகராதியிலும் பார்த்தேன், சொன்னது சரிதான். இது பிரசன்ட்லிக்கு மட்டும் வந்த வியாதியும் இல்லை. நாம் தினம் சொல்லும் ‘சூன்’ பழைய ஆங்கிலத்தில் ‘உடனே’. ‘அனான்’ என்று ஒரு பழஞ்சொல் இருக்கிறது, அதன் வேர் ‘ஒன்றில்’ என்பது, ஒரே மூச்சில் என்று வைத்துக்கொள்ளலாம். அதுவும் ‘அப்புறமா’ என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. எப்படி இறங்கியிருக்கும் என்பதற்கு 1598இல் அச்சான ஷேக்ஸ்பியரின் நான்காம் ஹென்றி நாடகம் முதல் பாகத்தில் ஒரு காட்சி இருக்கிறது. மதுக்கடையில் பிரான்சிஸ் என்று ஒரு சர்வர் பையன். இளவரசன் இந்தப் பக்கம் பேச்சுக் கொடுத்துப் பிடித்து வைத்துக்கொள்ள, அந்தப் பக்கம் அடுத்த அறையிலிருந்து கூட்டாளி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். பையன் ‘அனான், அனான் சார்’ என்று கத்துகிறானே தவிர நகர முடியவில்லை. நானூறு வருஷத்துக்கு முந்தைய ‘இதோ வந்துட்டேன் சார்’. கூப்பிட்டவன் பசியோடு காத்திருந்து, வந்தவன் தாமதமாக வந்து, ஒவ்வொரு தடவையும் சொல் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது.

எங்கள் வீட்டம்மா பள்ளியில் தமிழ் எடுப்பவர். இவ்வளவு நேரம் சும்மா இருந்ததே அதிசயம். ‘அக்கா மூணு தடவை வந்துட்டேன்னு சொன்னாங்களே, அது மட்டும் என்னவாம்?’ என்று ஆரம்பித்தார். வராதவர் வந்துவிட்டேன் என்கிறார், இறந்தகாலத்தில். இதற்குத் தொல்காப்பியத்திலேயே விதி இருக்கிறது: இனிமேல் நடக்கப்போவதையும் இப்போது நடப்பதையும் நடந்து முடிந்ததாகச் சொன்னால் அது விரைவைக் குறிக்கும். வினையியலில் வருகிறது. உரையாசிரியர்கள் அதற்குக் கொடுக்கும் உதாரணத்தைக் கேட்டால் ஹோட்டல் விமர்சனம் எழுதுகிறவர்கள் எல்லோரும் எழுந்து கும்பிட வேண்டும். சோறு வரத் தாமதமாகிறது. ஒருவன் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறான். அவசரமாகப் போக வேண்டிய இன்னொருவன் வந்து இன்னும் உண்ணவில்லையா என்கிறான். ஒரு கவளம்கூட உள்ளே போகாதவன் சொல்கிறான், ‘உண்டேன், போந்தேன்.’ சாப்பிட்டேன், வந்துட்டேன்!

சார் அதைக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்.

ஆனால் எனக்கு இதில் ஒரு கருத்து வேறுபாடு உண்டு, அங்கே சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். இலக்கணக்காரர்கள் விரைவு என்றார்கள். இன்றைக்கு ‘பக்கத்துல வந்துட்டேன் சார்’ என்று டாக்சிக்காரர் சொன்னால் விரைவு என்றா எடுத்துக்கொள்கிறோம்? இன்னும் கிளம்பவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். ‘இப்ப வரேன்’ என்பதை யாரும் நம்புவதில்லை, அதனால் ‘இப்பவே’ என்று ஒரு ஏகாரம் ஒட்டுகிறோம், அதுவும் போதாமல் ‘உடனே, இப்பவே, கையோட’ என்று மூன்றாக அடுக்குகிறோம். அத்திமரத்தைத் தமிழில் பட்டுப்போக வைத்த ‘உடனே’ மட்டும் எழுத்தில் ஓரளவு மானத்தோடு நிற்கிறது. அதுவும் ‘உடனடியாக’ என்று நீண்டுகொண்டுதான் வருகிறது.

சரி, மற்றவை. சாப்பாடு நன்றாக இருந்தது. அக்கா படுகர் வீட்டுப் பெண், இரவில் அவர் வைத்த அவரைக் குழம்பைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்ட அம்மா, காலையில் நடந்ததைப் பாதி மன்னித்துவிட்டார். மதியம், இரவுச் சாப்பாட்டுக்குத் தனிக் காசு, முன்கூட்டியே சொல்ல வேண்டும். சாயங்காலம் வர்க்கியும் டீயும் கணக்கில் சேராது, கேட்கக் கேட்கத் தருகிறார்கள். டீ கறுப்பு டீயாகக் கேளுங்கள், பால் ஊற்றினால் அந்த இலையின் வாசம் போய்விடுகிறது. காலை தோசையும் சட்னியும் சாதாரணம்தான். போன் சிக்னல் வாசல் படியில் மட்டும் கிடைக்கும். கீசர்கள் நான்கு அறையிலும் இருக்கின்றன, வோல்டேஜ் குறைவதால் காலையில் பெரும்பாலும் வேலை செய்வதில்லை என்று அக்கா சொன்னார். இதை முன்பதிவு செய்யும்போதே சொல்லியிருக்க வேண்டும், அது நிஜமான குறை. இருட்டிய பிறகு காட்டெருமை தோட்டத்துக்குள் வரும், ஏழு மணிக்கு மேல் வாசலைத் தாண்ட வேண்டாம். மேற்குப் பக்க அறை இரண்டுக்கும் ஆறேழு படி இறங்க வேண்டும், முட்டிவலிக்காரர்கள் கிழக்கு அறையாகக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாம் நாள் இரவே அம்மா சமையலறைக்குப் போய் அக்காவிடம் ‘அம்மிணி, அஞ்சரைக்குத் தண்ணி வேணும்’ என்று சொல்லிவிட்டார். அக்கா ‘சரிங்கம்மா’ என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. ஐந்து இருபத்தைந்துக்குக் கதவு தட்டப்பட்டது.