சமையலறைத் தராசு: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

ஒரு ஆழாக்குக் கடலைப்பருப்புக்கு ஒரு ஆழாக்கு நாட்டுச்சர்க்கரை என்பதே ஒப்புட்டுக்கு, அதாவது பருப்புப் போளிக்கு, என் அமுச்சி (அம்மாவின் அம்மா) சொல்லிவைத்த கணக்கு. கோபிசெட்டிபாளையத்தில் அவர் கையில் ஒருநாளும் பிசகாத அந்தப் பூரணம், பெருந்துறைக்குக் குடிவந்தபின் எனக்கு ஒருமுறை இளகியும் மறுமுறை இனிப்புக் குறைந்தும் வந்தது. அந்த எரிச்சலில்தான் ஐந்து கிலோ வரை நிறுக்கும் மின்னணுத் தராசு ஒன்றை வாங்கினேன்.

முதலில் ஆழாக்கையே அளந்தேன். வெறும் பாத்திரத்தை வைத்துச் சுழியாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றியபோது 204 கிராம் காட்டியது. தண்ணீரில் ஒரு கிராம் என்பது ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர் என்பதால் பாத்திரத்தின் கொள்ளளவும் அதுவே. தலைதட்டிய கடலைப்பருப்பு 170 கிராம் இருந்தது. நாட்டுச்சர்க்கரையோ தளர்வாக அள்ளினால் 132, அமுக்கி நிரப்பினால் 167. இரண்டும் ஒரே அளவையால் அளக்கப்படும்வரை ஆழாக்கு சிறியதா பெரியதா என்பது பொருட்டல்ல என்பதும், அமுச்சி சர்க்கரையைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டே தலைதட்டுவார் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தன. (அதை அவர் ஒருபோதும் சொல்லவில்லை, சொல்லவேண்டிய செய்தியாகவே அவருக்குத் தோன்றியிருக்காது.)

மாவு வகைகளில் இந்த வேறுபாடு இன்னும் கூடுதல். 240 மில்லி கோப்பையில் சலித்துத் தூவிய மைதா சுமார் 120 கிராம்; அதே கோப்பையை மாவுக்குள் விட்டு அள்ளினால் 145-ஐத் தாண்டுகிறது. மில்லில் அரைத்துவந்த அன்று பொங்கிநிற்கும் ராகி மாவும் ஒரு வாரத்தில் டப்பாவில் அமர்ந்துவிடுகிறது. வெளிநாட்டுக் குறிப்புகளைப் பார்ப்பவர்கள் கோப்பையின் ஊரையும் கவனிக்கவேண்டும்: அமெரிக்கக் கோப்பை சுமார் 237 மில்லி, ஆஸ்திரேலியக் கோப்பை 250, அங்கே மேசைக்கரண்டியும் 15 அல்ல, 20 மில்லி. கடலை எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது என்பதால் 240 மில்லிக்கு 220 கிராமே வரும்.

தராசின் குறைகளும் உண்டு. ஐந்து கிராமுக்குக் கீழே அதன் பேச்சை நம்பமுடியாது. மஞ்சள்தூளுக்கும் பெருங்காயத்துக்கும் இன்றும் கரண்டிதான். மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால் எண் நகர மறுக்கிறது, பிசைந்துகொண்டிருக்கும்போதே அணைந்துபோய் அதுவரை சேர்த்த கணக்கையும் விழுங்கிவிடுகிறது. சூடான பாத்திரத்தை நேரே வைத்தால் எண் தடுமாறுவதால், அடியில் ஒரு மரப்பலகையை வைத்துச் சுழியாக்கிக்கொள்கிறேன்.

அரிசிம்பருப்புச் சோற்றுக்கு மட்டும் தராசை எடுப்பதில்லை. அரிசியும் தண்ணீரும் ஒரே டம்ளரில் போகும்போது அதற்கு அங்கே வேலை இல்லை. ஒப்புட்டுக்கு 170-க்கு 167 என்று அலமாரிக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டியிருக்கிறேன். அரைக் கிலோப் பருப்புப் பொட்டலத்தை அப்படியே வேகவைக்கும் நாளில் சர்க்கரை 491 கிராம்.