விசா மறுத்தால் ‘ரீகன்சிடர்’ (மறுபரிசீலனை மனு) போட்டுத் தரும் பாலக்காட்டுக் கடை: 5-க்கு 3 ஸ்டார்

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கோவிந்தாபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் அதிகம் போகும் கன்சல்டன்சி இது. ‘எந்த நாட்டு ரிஜெக்‌ஷனையும் திறக்கலாம்’ என்று போர்டு. குறைத்த ரெண்டு ஸ்டாரும் அந்தப் போர்டுக்குத்தான்.

பேப்பர் வேலையில் குறையே இல்லை. நம் பக்கத்தில் முதலில் மாட்டுவது பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக, பாஸ்புக்கில் வெறும் இனிஷியல், நிலவரி ரசீதில் வீட்டுப்பெயர். தூதரகத்தில் பார்ப்பவருக்கு இது மூன்று ஆள். வில்லேஜ் ஆபீஸில், எல்லாப் பெயரும் ஒரே ஆள்தான் என்னும் ‘ஒன் அண்ட் சேம்’ சர்டிபிகேட் வாங்கிய பிறகுதான் ஃபைலையே தொடுகிறார்கள். வரி ரசீதை ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது தண்டப்பேர் நம்பரையும் (வில்லேஜ் ஆபீஸில் நில உரிமையாளரின் கணக்கு எண்) விடுவதில்லை.

அடுத்தது நெல் காசு. கேரள அரசுக்காக நெல் வாங்கும் சப்ளைகோவுக்கு நெல் அளந்தால் கிடைக்கும் பி.ஆர்.எஸ். என்ற ரசீதுச் சீட்டை வைத்து பேங்க் தரும் பணம், கணக்கில் கடனாகவே பதிவாகும். விளக்கம் இல்லாமல் ஸ்டேட்மென்ட்டை மட்டும் அனுப்பினால், டூருக்காகக் கடன் வாங்கிப் போட்டதாகத்தான் படிப்பார்கள். சீட்டின் நகலோடு கவர் லெட்டரில் ரெண்டு வரி எழுதித் தருகிறார்கள். கோயம்புத்தூர் ஏஜென்ட்டுகளுக்கு இது பிடிபடாது.

வழி சொல்வதில்தான் கோட்டை விடுகிறார்கள். அமெரிக்க டூரிஸ்ட் விசாவை 214(பி)-யில் (ஊர் திரும்புவார் என்று நம்ப முடியவில்லை என்று மறுக்கும் சட்டப்பிரிவு) மறுத்தால் அப்பீல் கிடையாது, புதிதாகத்தான் போட வேண்டும். பிரிட்டன் விசிட் விசாவுக்கும் அட்மினிஸ்ட்ரேட்டிவ் ரிவ்யூ (அதே துறையிடம் கேட்கும் மறு ஆய்வு) இல்லை. ஸ்டூடண்ட், ஸ்கில்ட் வொர்க்கர் விசாவுக்கு உண்டு: வெளிநாட்டிலிருந்து போட்டவர்களுக்கு 28 நாள் கெடு, கட்டணம் 80 பவுண்டு. அது அதிகாரி செய்த பிழையைத் திருத்தும் வழி. முதலில் வைக்காத பேப்பரைப் பொதுவாகப் பார்க்க மாட்டார்கள். இங்கேயோ புது ஸ்டேட்மென்ட்டைச் சொருகி அனுப்புகிறார்கள், 80 பவுண்டு தண்டம். ஜெர்மனி 2025 ஜூலை 1 முதல் மறுபரிசீலனை மனுவையே நிறுத்திவிட்டது. பழைய மனு ஃபார்மட் இன்னும் மேஜையில் கிடக்கிறது.

கனடாவுக்குத்தான் சூதானம் வேண்டும். வெப்ஃபார்மில் ரீகன்சிடர் கேட்கலாம்; ஆனால் கொடுத்த ஆவணத்தை அதிகாரி பார்க்காமல் விட்டது போன்ற பிழையைச் சுட்டினால்தான் பலன் இருக்கும். ‘தயவுசெய்து மறுபடி பாருங்கள்’ என்பதெல்லாம் எடுபடாது. பதிலுக்குக் காத்திருப்பதால் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போகும் 60 நாள் கெடுவும் நிற்காது. இதை இங்கே யாரும் சொல்வதில்லை.

மொழிபெயர்ப்புக்கும் கவர் லெட்டருக்கும் தாராளமாகப் போகலாம். ரீகன்சிடருக்குப் போனால் மறுப்புக் கடிதத்தைப் படித்த பிறகே ஃபீஸ் சொல்லச் சொல்லுங்கள். ரிவ்யூவா, புது அப்ளிகேஷனா என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். ஒரிஜினல் பாஸ்போர்ட்டைக் கேட்டால் நகல் மட்டும் கொடுங்கள்.