அன்லிமிடெட் என்று விற்ற இணைப்பும் அந்தப் பெரிய பச்சைப் பட்டனும்

எங்கள் தெருவுக்கு ஃபைபர் இழுத்த லோக்கல் நெட் கம்பெனிக்காரர், "60 எம்பிபிஎஸ், அன்லிமிடெட் சார், எவ்வளவு வேணும்னாலும் பாருங்க" என்று சொல்லித்தான் இணைப்பு கொடுத்தார். 300 ஜிபி தாண்டினால் வேகத்தைக் குறைப்போம் என்று வாயாலும் சொல்லவில்லை, ரசீதிலும் எழுதவில்லை. மூன்றாவது மாதம் 20-ஆம் தேதி மகளின் ஆன்லைன் வகுப்பு பாதியில் நின்றபோது போன் செய்தேன். "எஃப்யூபி முடிஞ்சிருச்சு சார். 149 ரூபாய் டாப்-அப் போட்டா சரியாயிடும்" என்றார்கள். எஃப்யூபி என்றால் முழு வேகத்தில் பயன்படுத்த மாதத்துக்கு வைத்திருக்கும் டேட்டா வரம்பு. அப்படி ஒரு சொல்லை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

வேகம் 512 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கியிருந்தது. கேபிபிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை கிலோபிட் என்ற கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட் என்பதால், நொடிக்கு 64 கிலோபைட்தான் வரும். ஒரு ஜிபி ஃபைல் இறங்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேறு வழியில்லாமல் காசு கட்டினேன். அடுத்த மாதமும் அதே கதை. இப்படியே நான்கு மாதம். எந்த நாளில் எவ்வளவு செலவானது என்று கணக்கு கேட்டால், "வீட்ல யூசேஜ் ஜாஸ்தி சார், குறைச்சுக்கோங்க" என்பதுதான் பதில்.

சரி என்று நானே கணக்குப் போட்டேன். ஹெச்டி படம் மணிக்குச் சுமார் 3 ஜிபி எடுக்கும். டிவியில் தினம் இரண்டு மணி நேரம் என்றால் மாதத்துக்கு 180. வகுப்பையும் போனையும் சேர்த்தாலும் 220-ஐத் தாண்டாது. மீதி எங்கே போகிறது?

மகளின் லேப்டாப்பில்தான் விடை இருந்தது. விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் டேட்டா யூசேஜ் என்று ஒன்று இருக்கிறது. கடைசி 30 நாளில் எந்த புரோகிராம் எவ்வளவு எடுத்தது என்று அதில் தெரியும். நாங்கள் கேள்விப்படாத ஒரு பெயருக்கு நேரே 190 ஜிபி.

பிரச்சினை தொடங்குவதற்குச் சில வாரம் முன்பு, பிடிஎஃப்களை ஒன்றாகச் சேர்க்க ஓர் இலவச மென்பொருளைத் தேடியிருக்கிறாள். பக்கத்தின் நடுவே பெரிய பச்சை டவுன்லோடு பட்டன். அது விளம்பரம். உண்மையான இணைப்பு கீழே சிறிய எழுத்தில் இருந்திருக்கிறது. இன்ஸ்டால் செய்யும்போது முன்கூட்டியே டிக் போட்ட ஒரு கட்டத்தைக் கவனிக்காமல் நெக்ஸ்ட் அழுத்திவிட்டாள். அதன் வழியாக உள்ளே வந்தது நம் இணைப்பை மற்றவர்களுக்கு வாடகைக்கு விடும் ப்ராக்ஸி புரோகிராம். யாரோ பார்க்கும் ஒரு ஜிபி நம் வீட்டுக்குள் வந்து திரும்ப வெளியே போகிறது. அப்லோடையும் கணக்கில் சேர்க்கும் பிளானில் அது இரண்டு ஜிபி. டேட்டா போனதைவிட எனக்குப் பயமாக இருந்தது வேறு: முன்பின் தெரியாத ஒருவர் அதன் வழியாகத் தப்பு செய்தால், இணைப்பின் அடையாள எண்ணான ஐபி முகவரி எங்கள் வீட்டைத்தான் காட்டும்.

அதை நீக்கி, விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டி, பாஸ்வேர்டுகளை வேறு போனிலிருந்து மாற்றினோம். இப்போது எந்த மென்பொருளையும் அதை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்தில் மட்டும்தான் எடுக்கிறோம். திறப்பதற்கு முன், ஃபைலில் வைரஸ் இருக்கிறதா என்று சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பார்க்கிறோம். விண்டோஸ் ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை வழக்கமாக மறைத்துவிடும். அதைத் தெரியும்படி மாற்றி வையுங்கள், பிடிஎஃப் மாதிரி தெரிகிற ஃபைல் எக்ஸ்இ-யாக, அதாவது திறந்ததும் ஓடும் புரோகிராமாக, இருந்தால் உடனே தெரிந்துவிடும்.

தப்பு எங்கள் லேப்டாப்பிலும் இருந்தது என்பதற்காகக் கம்பெனியை விட முடியாது. வரம்பையும் அதற்குப் பிந்தைய வேகத்தையும் தெளிவாகச் சொல்ல வேண்டும், வரம்பு நெருங்கும்போது தகவல் அனுப்ப வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016-லேயே உத்தரவிட்டிருக்கிறது. எனக்கு ஒரு எஸ்எம்எஸ்கூட வந்ததில்லை. நாள்வாரிக் கணக்கு ஒரே ஒருமுறை கையில் கிடைத்திருந்தால் முதல் மாதமே கண்டுபிடித்திருப்பேன். புதிதாக இணைப்பு வாங்குகிறவர்கள் எத்தனை ஜிபி, அதற்குப் பிறகு என்ன வேகம், அப்லோடும் சேருமா என்று மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். புகார் சொன்னால் புகார் எண் கேளுங்கள், அது இருந்தால்தான் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக முடியும். நான் நான்கு மாதமும் போனில் வெறுமனே பேசிக்கொண்டிருந்தேன். கட்டிய 596 ரூபாயைத் திருப்பிக் கேட்டபோது காட்ட ஒரு எண்கூட என்னிடம் இல்லை.