வாசலுக்குக் கிழமையில ஒருநாளா, சந்திப் பெட்டிக்கு அஞ்சு நாளுமா?

தம்பி போன் எடுத்துக் கேட்ட கேள்வியாலதான் இதை எழுத வந்தது. "அக்கா, தபால்காரர் இனி வாசலுக்கு வரமாட்டாராம், சந்தியில பெட்டி வைக்கப் போயினமாம், எனக்கெண்டா அது நல்லம் போலதான் கிடக்கு, நீங்கள் ஏன் உவ்வளவு எதிர்ப்பா நிக்கிறியள்?" எண்டான். அரை மணித்தியாலம் கதைச்சும் முடியேல்ல, அதால ஆறுதலா எழுதிப் பாப்பம்.

எனக்கு இதில எல்லாப் பக்கமும் பழக்கம். நான் இருக்கிறது கனடாவில, டொரொண்டோவின்ர ஸ்காபரோவில ஒரு பழைய வீடு, 90களில வந்து இறங்கின காலத்தில இருந்து தபால்காரர் படியேறி வந்து கதவுக்குப் பக்கத்தில இருக்கிற தகரப் பெட்டிக்குள்ள போட்டிட்டுப் போவார். அப்பாவும் அம்மாவும் இருக்கிறது டொரொண்டோவுக்குக் கிழக்க ஏஜக்ஸில, புதுசா வீடுகள் கட்டின பக்கம். அங்க முதல் நாளில இருந்தே கொம்யூனிட்டி மெயில்பொக்ஸ்தான், நாங்கள் சந்திப் பெட்டி எண்டுதான் சொல்லுறது, ரோட்டு வளைவில சாம்பல் நிறத்தில நிக்கிற இரும்பு அலுமாரி, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்ன அறை, ஒரு திறப்பு. பிறகு ரெண்டு வருசத்துக்கு முன்னால விண்ணப்பிச்சு, கிழமையில ஒருநாள் வாசலுக்கே கொண்டுவந்து தாற ஏற்பாட்டுக்கு மாத்தினம். ஆக தினமும் வாசலுக்கு, தினமும் பெட்டிக்கு, கிழமையில ஒருக்கா வாசலுக்கு எண்டு மூண்டையும் பாத்திட்டன். என்ர முடிவை முதலே சொல்லிப்போட்டுத் தொடங்கிறன்: நாளைக் குறைக்கட்டும், வாசலைப் பறிக்க வேண்டாம்.

குறைக்கவே கூடாது எண்டு நான் சொல்லேல்ல. 2006 இல வருசத்துக்கு 5.5 பில்லியன் கடிதம் காவின கனடா போஸ்ட், அதுதான் இஞ்சத்த அரசாங்கத் தபால் சேவை, இப்ப காவுறது 2 பில்லியன் அளவுதான், ஒரு வீட்டுக்குக் கிழமைக்கு ஏழு கடிதம் வந்த இடத்தில இப்ப ரெண்டு வருது. பாங்க் ஸ்டேட்மென்ட், போன் பில், கரண்ட் பில் எல்லாம் ஈமெயிலுக்குப் போட்டுது, கலியாணக் காட்டையே வட்ஸப்பில அனுப்பிப்போட்டு "காட் கிடைச்சதோ" எண்டு கேக்கிற காலம். 2018 இல இருந்து 5 பில்லியன் டொலருக்கு மேல நட்டம் எண்டா எந்த அரசாங்கமும் பாத்துக்கொண்டு இருக்காது. வெட்டத்தான் வேணும், எதை வெட்டுறது எண்டதுதான் கேள்வி.

2025 மே மாசம், அரசாங்கம் நியமிச்ச விசாரணை ஆணையாளர் வில்லியம் கப்லன் குடுத்த அறிக்கை, வீடுகளுக்குத் தினமும் வாசலுக்குக் கடிதம் குடுக்கிறதை நிப்பாட்டி ஏலுமான இடமெல்லாம் பெட்டி வைக்கச் சொன்னது. செப்டெம்பர் 25 அண்டைக்கு கனடா போஸ்ட்டுக்குப் பொறுப்பான அமைச்சர் லைட்பவுண்ட், மிச்சம் இருக்கிற 4 மில்லியன் வாசல்களையும் பெட்டிக்கு மாத்தலாம், வருசத்துக்கு 400 மில்லியன் டொலர் அளவு மிச்சம் பிடிக்கலாம் எண்டு அறிவிச்சார். இது புதுக்கதையும் இல்ல, 2013 டிசம்பரிலயே இதே திட்டம் வந்து, 8 லட்சத்து 30 ஆயிரம் அளவு வீடுகள் மாறினாப் பிறகு 2015 தேர்தலோட நிண்டது. அந்த நேரம் மொன்றியல் மேயர் டெனி கொடேர், பெட்டி வைக்கப் போட்ட கொங்கிரீட் தளத்தை தானே ட்ரில் மெசின் பிடிச்சு உடைச்சது ரீவியில வந்தது, அப்ப நானும் ஏன் இவ்வளவு கோவம் எண்டுதான் யோசிச்சன். அப்பா அம்மா ஏஜக்ஸுக்குப் போய் ரெண்டு வின்ரர் கண்டாப் பிறகுதான் விளங்கினது.

முதல்ல பெட்டியில இருக்கிற நல்லதைச் சொல்லிவிடுறன், தம்பி சொல்லுறதும் இதைத்தான். பார்சல் லேசில களவு போகாது. பெரிய பார்சல் எண்டா தபால்காரர் கீழ இருக்கிற பெரிய அறைக்குள்ள வச்சுப் பூட்டி, அந்தத் திறப்பை எங்கட சின்ன அறைக்குள்ள போட்டுவிடுவார், திறந்து எடுத்தா திறப்பு பூட்டிலயே நிண்டிடும், திருப்பிக் குடுக்கிற வேலையும் இல்ல. ரெண்டு கிழமை ஊருக்குப் போனாலும் கடிதம் வாசலில கிடந்து ஆளில்லாத வீடெண்டு காட்டிக் குடுக்காது. நாய் கடிக்குமெண்ட பயம் தபால்காரருக்கு இல்ல. கார் ஓடுற, ரெண்டு காலும் நல்லா இருக்கிற ஆக்களுக்கு வேலையால வரேக்க காரை நிப்பாட்டி எடுத்தா அரை நிமிச வேலை. இதெல்லாம் உண்மை, நான் மறுக்கேல்ல.

இனி வின்ரரைப் பற்றிக் கதைப்பம், என்ர முழு வாதமும் அதிலதான் நிக்குது.

அப்பாவுக்கு 84 வயசு. ஏஜக்ஸுக்குப் போன புதுசில பின்னேரம் பெட்டிக்குப் போறது அவருக்கு ஒரு நடைமாதிரி இருந்தது, போற வழியில ரெண்டு பேரோட கதைச்சிட்டு வருவார், மே மாசத்தில பாத்தா பெட்டியைப்போல நல்ல விசயம் வேற இல்ல எண்டுதான் தோணும். ஆனா ஜனவரியில அதே நாலு வீட்டுத் தூரம் வேற ஊர். ஸ்நோ கொட்டி முடிய ஸ்நோ அள்ளுற ட்ரக் வந்து ரோட்டைத் துப்பரவாக்கிக்கொண்டு போகும், அது போகேக்க ரோட்டுக்கரையில ஒரு வரம்பு கட்டிவிட்டுப் போகும், வயலுக்குள்ள வரம்பு கட்டினமாதிரி முழங்கால் உயரத்துக்கு. பெட்டி நிக்கிறது அந்த வரம்புக்குப் பின்னால. பெட்டியடியில ஸ்நோ அள்ளுறது தபால் பக்கத்துப் பொறுப்புத்தான், அவையும் ஆக்களை விட்டு அள்ளுவினம், ஆனா புயல் அடிச்ச அண்டைக்கு ஊர் முழுக்க இருக்கிற எல்லாப் பெட்டியும் ஒரேயடியா மூடுப்படும், எதை முதல் அள்ளுறது, இதில ஆரையும் பிழை சொல்லேலாது. அள்ளினாப் பிறகும் பகலில கொஞ்சம் உருகி, இரவு திரும்ப உறைஞ்சு, அடுத்தநாள் காலமை கண்ணாடி விரிச்ச மாதிரிக் கிடக்கும். அம்மா வோக்கரோட நடக்கிறவ. வோக்கர் சில்லு அந்த வரம்பில ஏறாது.

ஒருக்கா நான் போய் எடுக்கேக்க பாத்தன், பூட்டுக்குள்ள தண்ணி போய் உறைஞ்சு திறப்பு பாதிக்கு மேல போகேல்ல. கையுறையைக் கழட்டி, திறப்பை உள்ளங்கைக்குள்ள பொத்தி வாயால ஊதி ஊதி சூடாக்கித்தான் திறந்தது, அதுக்குள்ள விரல் நுனி விறைச்சிட்டுது. எனக்கே அப்பிடி எண்டா, வாதம் பிடிச்ச கையோட அப்பா அந்தச் சின்னத் திறப்பைப் பிடிச்சு என்ன செய்வார்? அந்த வருசம் ஜனவரியில மூண்டு கிழமையா அவர் பெட்டிப் பக்கம் போகேல்ல, எங்களுக்குச் சொல்லவும் இல்ல, பிள்ளையளுக்குக் கரைச்சல் குடுக்கக்கூடாதாம். அம்மாவின்ர பழைய பாங்க் காட் முடிஞ்சு, கடையில காசு கட்டேக்க வேலை செய்யாமல் அவ வெக்கப்பட்டு சாமானை வச்சிட்டு வந்தாப் பிறகுதான் எங்களுக்குத் தெரியும். புதுக் காட் அந்த மூண்டு கிழமையும் நாலு வீடு தள்ளிப் பெட்டிக்குள்ள பத்திரமாத்தான் கிடந்தது.

மிச்சம் பிடிக்கிறம் எண்டு சொல்லுற காசில ஒரு பங்கு உண்மையில மிச்சம் இல்ல, அந்தக் கடைசி நூறடி நடையை தபால்காரரின்ர காலில இருந்து எடுத்து ஊரில இருக்கிற வயசுபோன ஆக்களின்ர காலில போடுறதுதான். தபால்காரர் நல்ல சப்பாத்துப் போட்டு, சம்பளம் எடுத்து, பழக்கப்பட்ட காலோட நடக்கிறவர். அம்மா அப்பிடி இல்ல. அதோட வின்ரர் எங்க நீளமோ அங்கதான் அந்தப் பாரமும் கூட.

"முக்கால்வாசி ஆக்கள் இப்பவே வாசலில எடுக்காமத்தானே இருக்கினம்" எண்டு தம்பி கேட்டான். அந்தக் கணக்குச் சரிதான், ஆனா அதுக்குள்ள அப்பார்ட்மென்ட் ஆக்களும் அடக்கம். அவைக்குப் பெட்டி கீழ லொபியில, கட்டிடத்துக்குள்ள, செருப்போட லிப்டில இறங்கி எடுக்கலாம். அதையும் ரோட்டு வளைவில ஸ்நோவுக்குள்ள நிக்கிற பெட்டியையும் ஒண்டாச் சேர்த்து எண்ணக்கூடாது.

சரி, நாங்கள் செய்தது. கனடா போஸ்ட்டில நடக்க ஏலாத, பூட்டுத் திறக்க ஏலாத ஆக்களுக்கெண்டு ஒரு ஏற்பாடு இருக்கு, கனபேருக்குத் தெரியாது. உயரம் வசதியான அறைக்கு மாத்தித் தருவினம், மேலதிகத் திறப்புத் தருவினம், தேவையெண்டா கிழமையில ஒருநாள் வாசலுக்குக் கொண்டுவந்து தருவினம், வின்ரருக்கு மட்டும் வேணுமெண்டாலும் கேக்கலாம், வருசம் முழுக்க வேணுமெண்டாலும் கேக்கலாம். நாங்கள் வருசம் முழுக்க எடுத்தம். எங்களுக்குப் புதன்கிழமை வருது.

கிழமைக்கு ஒருக்கா எண்டா போதாது, ஏதும் அவசரமான கடிதம் பிந்திப்போகும் எண்டு எனக்கு முதல் பயம்தான். ரெண்டு வருசமா வந்ததை நினைச்சுப் பாத்தா, பாங்க் காட், ஹெல்த் காட் புதுப்பிக்கிற கடிதம், வீட்டு வரி பில், பென்சன்காரரின்ர வரித்துண்டு, கண் டொக்டரின்ர நினைவூட்டல், கடைகளின்ர பிளையர் எண்டுற விளம்பரத் தாள், ஒரு கோயில் திருவிழா நோட்டீஸ். இதில எதுவும் நாலு நாள் பிந்தினதால கெட்டுப்போகேல்ல. அவசரமானது எல்லாம் போனில வருது, ஆஸ்பத்திரியும் போன்தான் எடுக்குது. அவசரமான கடிதம் எண்ட ஒண்டு மின்னஞ்சல் வந்தாப் பிறகு சாதாரண வீட்டுக்குப் பெரும்பாலும் இல்லாமல் போட்டுது, ஆனா வாசலுக்கு வரவேண்டிய கடிதம் இன்னும் இருக்கு, அதுவும் ஒன்லைன் தெரியாத ஆக்களுக்குத்தான் கூட இருக்கு. ஈமெயில் அழிச்சது தபாலின்ர வேகத்தின்ர தேவையைத்தான், அப்ப வேகத்தைத்தானே வெட்டவேணும்?

மற்ற நாடுகள் கனக்க இந்தப் பக்கம்தான் போகுதுகள். நியூசிலாந்து 2015 இலயே நகரப் பகுதிகளில கிழமைக்கு மூண்டு நாளாக் குறைச்சுது. அவுஸ்திரேலியாவில 2024 இல இருந்து சாதாரணக் கடிதம் ஒண்டுவிட்ட ஒருநாள், பார்சல் வழமைபோல. பிரிட்டனில 2025 யூலை 28 இல இருந்து இரண்டாம் வகுப்புக் கடிதம் ஒண்டுவிட்ட ஒருநாள், சனிக்கிழமை இல்ல, அவசரமெண்டா கூடக் காசு கட்டி முதலாம் வகுப்பில போடலாம். டென்மார்க்கில 1624 இல தொடங்கின கடிதச் சேவையை அங்கத்தத் தபால் கம்பனி போஸ்ட்நோர்ட் 2025 டிசம்பர் 30 ஓட முழுசாவே விட்டிட்டுது, அந்த அளவுக்குப் போக எனக்கு மனமில்ல. இஞ்சயும் கடிதம் போய்ச் சேருற நாளைக் கூட்டுறதுக்கு அதே செப்டெம்பர் அறிவிப்பில அனுமதி குடுத்திட்டினம், அதை நான் குறை சொல்லேல்ல, பிளேனில போற அவசரமில்லாத கடிதம் ட்ரக்கில போகட்டும். ஆனா கிழமைக்கு அஞ்சு நாள் எண்டதை, அரசாங்கத்தின்ர 2009 தபால் சேவைச் சாசனத்தில இருக்கிறதை, அப்பிடியே வச்சுக்கொண்டு வாசலை எடுக்கிறது எனக்கு விளங்கேல்ல. ஆருக்கும் தேவையில்லாத அஞ்சு நாளைக் காப்பாத்தி, தேவையான ஆக்களின்ர வாசலைக் குடுக்கிற வியாபாரம் அது.

என்ர பக்கத்தில இடறுப்படுற இடமும் இருக்கு. பெட்டி வச்சா தபால்காரர் ஒரு தரிப்பில பல வீட்டுக்குப் போட்டு முடிப்பார், நாளைக் குறைச்சா ஒரு ஆள் ரெண்டு ரூட்டை மாறி மாறிப் பாப்பார், ரெண்டிலும் காசு மிஞ்சும், ஆனா பெட்டியில கூட மிஞ்சும் எண்டுதான் எனக்குத் தோணுது. பார்சலும் எப்பிடியும் தினமும் வரத்தான் வேணும், அதில போட்டி கடுமை, அங்க நாளைக் குறைச்சா உள்ள வியாபாரமும் போடும். செக்கை எதிர்பாத்து நடத்துற சின்னக் கடை, அக்கவுண்டன்ட் ஒபிஸ் மாதிரி இடங்களுக்குக் கிழமையில ஒருநாள் சரிவராது. நான் பாத்தது வீடு, அதுவும் எங்கட ரெண்டு வீடு. கிழமையில ஒருநாள் எண்டது எல்லாருக்கும் குறைவாக் கிடந்தா ரெண்டு நாள், மூண்டு நாள் எண்டு வைக்கட்டும், எனக்கு அதில பிடிவாதம் இல்ல.

எங்கட ஆக்கள் இருக்கிற பழைய ஸ்காபரோ ரோட்டுகள் கனக்க இன்னும் வாசலில எடுக்கிற ரோட்டுகள்தான், வீட்டுக்கு ஒரு அம்மம்மாவோ அப்பப்பாவோ இருக்கினம், பகலில வீட்டில நிக்கிறதும் அவைதான். பிள்ளையள் இரவு வேலையால வந்து பெட்டியைத் திறக்கட்டும் எண்டு சொல்லிறது லேசு, ஆனா தன்ர பேருக்கு வாற கடிதத்தைத் தானே எடுத்துப் பிரிக்கிறது ஒரு வயசுபோன ஆளுக்கு எவ்வளவு பெரிய விசயம் எண்டு அம்மாவைப் பாத்தா விளங்கும். புதன்கிழமை பத்து மணிக்கே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன் ஜன்னலடியில இருக்கிறா, தகரமூடி சத்தம் கேட்டோண்ண எழும்பி, வோக்கரைப் பிடிச்சுக்கொண்டு ரெண்டடி போய்க் கதவைத் திறக்கிறா. பிளையரா இருந்தாலும் அவதான் எடுக்கவேணும், அப்பாவுக்கும் விடமாட்டா.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: மாமியின்ர பேருக்கு அந்த வாசல் ஏற்பாட்டுக்கு இப்பவே விசாரிச்சு வை, பெட்டி வந்தாப் பிறகு ஓடித்திரியாத. உங்கட எம்.பி.க்கு ஒரு கடிதமும் எழுது, ஒட்டாவாவில பார்லிமென்ட் விலாசத்துக்கு எழுதினா முத்திரை ஒட்டத் தேவையில்ல. பெட்டி எந்த இடத்தில வைக்கிறது எண்டு கேட்டு வந்தா வளைவில விடாத, ஸ்நோ ட்ரக் வரம்பு கட்டாத பக்கமாப் பாத்துச் சொல்லு.