லீவர் கிரீஸ் கன்னா, பிஸ்டல் பிடியா?

பேரிங்குகளுக்குள் கிரீஸை அழுத்தி ஏற்றும் கிரீஸ் கன்னில் எந்த வகை வாங்குவது? டிராக்டர், ரோட்டவேட்டர் வைத்திருப்பவர்கள் கடையில் நின்று குழம்பும் விஷயம் இது. இரண்டையும் அடித்துப் பழகியவன் என்பதால் சொல்கிறேன்.

விலை: சொல்லும்படி பெரிய வித்தியாசம் இல்லை.

கை: லீவர் என்றால் நீளக் கைப்பிடியை அடித்து அடித்து கிரீஸ் ஏற்றுவது, அதற்கு இரண்டு கையும் வேண்டும். பிஸ்டலில் ஒரு கை விசையை இழுக்கும், மறு கை கப்ளரை (கன்னின் முனை) நிப்பிளில் (வண்டியில் கிரீஸ் உள்ளே போகும் சிறு முனை) பிடித்துக்கொள்ளும். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கும்போதுதான் இதன் அருமை தெரியும்.

அழுத்தம்: இங்கே லீவர்தான். நல்லதாக வாங்கினால் 10,000 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை போகும். சேறு காய்ந்து இறுகிய நிப்பிளில் பிஸ்டல் திணறும், நமக்கு மணிக்கட்டு விட்டுப்போகும்.

பராமரிப்பு: இரண்டுக்கும் ஒன்றுதான். எவ்வளவு அடித்தும் கிரீஸ் வரவில்லையா? கன் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். பெரும்பாலும் உள்ளே காற்று மாட்டியிருக்கும். கிரீஸ் நிரப்பியிருக்கும் உருளையை ஒரு சுற்றுத் தளர்த்தி நாலு தடவை அடியுங்கள். புஸ்ஸென்று காற்று போய், கிரீஸ் எட்டிப் பார்க்கும். அப்புறம் இறுக்கிவிடலாம். இருக்கிற கிரீஸோடு வேறு வகையைக் கலக்காதீர்கள். சில வகைகள் சேர்ந்தால் இளகி ஓடிவிடும். நிப்பிளைத் துணியால் துடைக்காமல் அடித்தால் மண்ணையும் சேர்த்து பேரிங்குக்குள் தள்ளுகிறீர்கள்.

ரோட்டவேட்டர், ஜேசிபி என்றால் லீவர் வாங்குங்கள். பைக், ஆட்டோ, இடுக்கான இடங்கள் என்றால் பிஸ்டல். என் டிராக்டர் பெட்டியில் இருப்பது லீவர்.