ஹாம்பர்க் துறைமுகத்தைப் பார்க்க 62ஆம் எண் படகு போதும்

ஜெர்மனிக்குப் படிக்க வந்த நம் ஆட்கள் ஹாம்பர்க் போவதற்கு முன் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: துறைமுகம் சுற்றிக்காட்ட எந்தப் படகு நல்லது? சுற்றுலாப் படகே வேண்டாம் என்பேன். லாண்டுங்ஸ்ப்ரூக்கன் படகுத்துறையில் மாலுமித் தொப்பி போட்டுக்கொண்டு கூவிக் கூப்பிடுபவர்களைத் தாண்டி, 3ஆம் பாலம் என்று அழைக்கப்படும் படகு மேடைக்குப் போய் 62 என்று போட்ட படகில் ஏறுங்கள்.

ஹாடாக் என்ற நிறுவனம் நடத்தும் இந்தப் படகு, சென்னையில் டவுன் பஸ் எப்படியோ அப்படி. வேலைக்குப் போகிறவர்களும் சைக்கிளோடு வருகிறவர்களும் ஏறுவார்கள், நாமும் ஏறலாம். நான் பிரேமனில் படிக்கிறேன். அங்கிருந்து ரீஜனல் ரயில், ஹாம்பர்க்குக்குள் யூ3 ரயில், அப்புறம் இந்தப் படகு என மூன்றுக்கும் மாணவர் டிக்கெட்டே செல்லும். யூ3-இல் இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். பௌம்வால் பக்கம் ரயில் மேம்பாலத்தில் ஓடும்போதே துறைமுகம் தெரிய ஆரம்பித்துவிடும்.

படகு பகலில் கால்மணி நேரத்துக்கு ஒன்று. கடைசி நிறுத்தமான ஃபிங்கன்வெர்டர் வரை அரைமணி நேரப் பயணம். போகும்போது மேல்தளத்தில் இடப்பக்கம் நில்லுங்கள். கிளம்பியதுமே எதிர்க்கரையில் ப்ளோம் உண்ட் ஃபோஸ் கப்பல் பட்டறையின் மிதக்கும் டாக்குகள் வரும். நீரிலிருந்து முழுதாகத் தூக்கி நிறுத்திய கப்பலின் அடிவயிற்றை அவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது வேறு அனுபவம். வலப்பக்கக் கரையில் பழைய மீன் ஏல மண்டபம், அடுத்து கப்பல் முனைபோல் சாய்ந்து நிற்கும் டாக்லாண்ட் கட்டடம். அதன் வெளிப்படிகளில் ஏறி மொட்டைமாடிக்கே போகலாம், காசு கிடையாது.

நொய்மூலன் நிறுத்தத்தைத் தாண்டியதும் படகு ஆற்றைக் குறுக்கே கடக்கும். எனக்குப் பிடித்த இடம் இதுதான். கன்டெய்னர் முனையத்தின் ராட்சத கிரேன்களும் அவற்றின் அடியில் நிற்கும் 400 மீட்டர் நீளக் கப்பல்களும் அப்படியே கண்முன் இருக்கும். கடல் இங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது; இந்தக் கப்பல்களெல்லாம் எல்பே ஆற்றில் ஏறித்தான் வருகின்றன. நான் வளர்ந்தது தூத்துக்குடியில். அங்கே பாஸ் இல்லாமல் துறைமுகத்துக்குள் கால் வைக்க முடியாது. கிரேன்களை எட்ட நின்று பார்த்ததோடு சரி. இங்கே பஸ் டிக்கெட்டில் அதன் வாசல்வரை கொண்டுபோய் விடுகிறார்கள்.

திரும்பும்போது நொய்மூலனில் இறங்கி மேற்கே நடந்தால் ஓவெல்கோனே மணற்கரை. அங்கே 217 டன் எடையுள்ள பாறை ஒன்று கிடக்கிறது. பனியுகத்தில் பனிப்பாளங்கள் ஸ்வீடனிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தது. 1999-இல் ஆற்றை ஆழப்படுத்தும்போது அகப்பட்டது. மணலில் உட்காருங்கள், குளிக்க மட்டும் இறங்காதீர்கள். பெரிய கப்பல் போன கொஞ்ச நேரம் கழித்துத்தான் அதன் அலை கரைக்கு வரும், வேகமாகவே வரும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். விளக்கம் சொல்ல ஆள் கிடையாது. எது என்ன என்று நாமே படித்துவிட்டுப் போக வேண்டும். ஆனால் என் அறைத்தோழி காசு கொடுத்து ஏறிய சுற்றுலாப் படகில் (பெயர் வேண்டாம்) ஒரு மணி நேரமும் ஜெர்மனிலேயே ஜோக். சுற்றி இருந்தவர்கள் சிரிக்க, அவள் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். வெயில் அடிக்கும் ஞாயிறு மதியம் 62-இல் மேல்தளத்தில் நிற்க இடம் கிடைக்காது. வார நாள் காலைதான் சரி. ஜூலையிலும் காற்று காதைக் குடையும், ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள். செங்கல் கிடங்குகள் நிற்கும் ஷ்பைஷர்ஷ்டாட் கால்வாய்களுக்குள் இந்தப் படகு போகாது. அதைப் பாலம் பாலமாக நடந்தே பார்க்கலாம். எல்ப்ஃபில்ஹார்மோனி அரங்கத்துக்குப் போக 72ஆம் எண் படகு இருக்கிறது. அதுவும் அதே டிக்கெட்தான்.

பசித்தால் படகுத்துறையிலேயே ப்ரூக்க 10 கடை. உப்பில் பதப்படுத்திய மாட்யஸ் மீனை வெங்காயத்தோடு பன்னில் வைத்துத் தருவார்கள். அடுப்பில் வைக்காத மீன் என்றதும் எனக்குத் தயக்கம்தான். இரண்டாம் கடியிலேயே அது போய்விட்டது. கொஞ்சம் மிளகாய்ப்பொடி இருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். தயங்குகிறவர்கள் பொரித்த மீன் பன் வாங்கிக்கொள்ளுங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் பக்கத்திலேயே 1911-இல் திறந்த, ஆற்றுக்கு அடியில் போகும் பழைய எல்பே சுரங்கப்பாதை. 24 மீட்டர் ஆழம், 426 மீட்டர் நீளம். நடந்து போக இலவசம். அக்கரையில் ஏறி நின்றால் ஊர் முழுவதும் வரிசையாகத் தெரியும். போட்டோவை அங்கே எடுங்கள். படகில் எடுத்தால் பாதிப் படத்தில் யாராவது ஒருவரின் தலை இருக்கும்.