பைத்தானின் தேடுபாதை: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின்

பைத்தான் என்னும் நிரல்மொழியில் ‘இம்போர்ட்’ என்று ஒரு வரி எழுதி ஒரு லைப்ரரியை (ஆயத்த நிரல்தொகுப்பை) அழைத்தால், அதை எங்கெங்கே தேடுவது என்பதை ‘சிஸ்.பாத்’ என்னும் பட்டியல் தீர்மானிக்கிறது. பட்டியலின் தொடக்கத்தில் நாம் இயக்கும் நிரல் இருக்கும் கோப்புறை நிற்கும். அடுத்து ‘பைத்தான்பாத்’ என்ற சூழல் மாறியில் (நிரல்கள் படித்துக்கொள்ள இயங்குதளம் வைத்திருக்கும் பெயரிட்ட மதிப்பில்) நாம் குறித்து வைத்தவை. பிறகு பைத்தானோடு வரும் அடிப்படை லைப்ரரிகள். கடைசியில், லைப்ரரிகளை நிறுவும் கருவியான பிப் வழியாகச் சேர்த்தவை தங்கும் ‘சைட்-பேக்கேஜஸ்’. தேடும் பெயர் எங்கே முதலில் அகப்படுகிறதோ அங்கேயே தேடல் நின்றுவிடும். 2018 முதல் பைத்தானை அன்றாடம் கையாண்டு வரும் நான், இந்த வரிசையின் அருமையை 2022இல்தான் உணர்ந்தேன்.

அதுவரை எனக்குப் பைத்தான்பாத் மிகவும் பிடித்திருந்தது. பொதுவாகப் பயன்படும் நிரல்களை ஒரே கோப்புறையில் வைத்து, சில லைப்ரரிகளையும் அதிலேயே நிறுவி, அதன் முகவரியைப் பைத்தான்பாத்தில் இடும் ஒரு வரியை, முனையத்தைத் திறக்கும்போது படிக்கப்படும் ‘பாஷ்ஆர்சி’ கோப்பில் சேர்த்திருந்தேன். நான்கு ஆண்டுகள் குறையின்றி ஓடியது. பின்னர் உபுண்டு இயங்குதளத்தில் 20.04இலிருந்து 22.04க்கு மாறினேன், பைத்தான் 3.8 போய் 3.10 வந்தது. மறுநாள் காலை, எண்கணக்குக்கான லைப்ரரியான நம்பை இம்போர்ட் ஆக மறுத்தது. பழுது லைப்ரரியில்தான் என்று எண்ணி, புதிதாக ஒரு ‘வென்வ்’ (ஒரு பணிக்கென லைப்ரரிகளைத் தனியே வைக்கும் கோப்புறை) அமைத்து அதற்குள் நம்பையை நிறுவினேன். அங்கும் அதே பிழை. இரண்டு மாலைப் பொழுதுகள் இதிலேயே கழிந்தன.

பிழைச் செய்தியை வரிவரியாகப் படித்தபோதுதான், அதில் வந்த கோப்பு முகவரிகள் எல்லாம் என் பழைய கோப்புறையைச் சுட்டுவதைக் கவனித்தேன். வென்வ் தனக்கென ஒரு சைட்-பேக்கேஜஸை வைத்துக்கொள்ளுமே தவிர, பைத்தான்பாத்தை ஒதுக்கிவிடாது. அது வரிசையில் முன்னே நிற்பதால், புதிய நம்பை கையருகில் இருந்தும், 3.8க்காகத் தொகுக்கப்பட்ட பழையதே முதலில் அகப்பட்டது. பைத்தான்பாத் எந்தப் பதிப்புக்கும் உரியதன்று. கணினியில் உள்ள எல்லாப் பைத்தான்களுக்கும் அது ஒன்றே. அதன் அடிப்படைக் குறை இதுதான் என்பது என் முடிவு.

வேறு சங்கடங்களும் உண்டு. குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக இயக்கும் கிரான் வழியாக ஓடும் வேலைகள் பாஷ்ஆர்சியைப் படிப்பதில்லை. ஆகவே கையால் இயக்கும்போது ஓடும் நிரல், இரவில் தானாக ஓடும்போது லைப்ரரி இல்லையென்று நின்றுவிடும். பைத்தான்பாத்தில் முகவரிகளைப் பிரிக்கும் முக்காற்புள்ளி (:) இறுதியில் ஒன்று மிஞ்சிவிட்டால், நாம் அப்போது நிற்கும் கோப்புறையும் தேடுபாதையில் சேர்ந்துகொள்ளும்.

இப்போது ஒவ்வொரு பணிக்கும் தனித்தனி வென்வ் வைத்திருக்கிறேன். 2012இல் வெளிவந்த 3.3 பதிப்பிலிருந்தே இது பைத்தானோடு சேர்ந்து வருகிறது. பொது நிரல்களைப் பிப் நிறுவக்கூடிய ஒரு பேக்கேஜாக மாற்றி, ‘பிப் இன்ஸ்டால் -இ’ என்று நிறுவிக்கொள்கிறேன். அதன்பின் சைட்-பேக்கேஜஸைத் திறந்து பார்த்தால், ‘.பிடிஎச்’ என்று முடியும் சிறு கோப்பு ஒன்று இருக்கும். என் நிரல்கள் உள்ள கோப்புறையின் முகவரி அதில் ஒரே வரியாக இருக்கும். பைத்தான் தொடங்கும்போது அந்த வரியைப் படித்துத் தேடுபாதையின் பின்பகுதியில் சேர்க்கிறது. முன்பு சூழல் மாறியில் எழுதிய அதே முகவரிதான். ஆனால் இப்போது அது அந்த ஒரு வென்வுக்கு மட்டும் உரியது, கிரானிலும் செல்லுபடியாகும். நிரலைத் திருத்தினால் மறுபடி நிறுவ வேண்டியதும் இல்லை.

நம் கோப்புக்கு அடிப்படை லைப்ரரியின் பெயரை வைத்துவிடும் தவறு தனி வகை. ‘ராண்டம்.பை’ என்று ஒரு கோப்பை வைத்திருந்தால், பக்கத்தில் இருக்கும் எந்த நிரலுக்கும் அதுவே முதலில் அகப்படும். 3.13 பதிப்பு இப்பெயர்மோதலைப் பிழைச் செய்தியிலேயே சுட்டிக்காட்டுகிறது; மிகவும் வரவேற்கத்தக்க மாற்றம்.

வென்விலும் குறை இல்லாமல் இல்லை. கோப்புறையை வேறிடத்துக்கு நகர்த்தினால், அதற்குள் இருக்கும் பிப் முதலிய கட்டளைகள் பழைய முகவரியையே தேடி நின்றுவிடும். அதைச் சரிசெய்ய முயல்வதில்லை. அழித்துவிட்டுத் தேவையான லைப்ரரிகளின் பட்டியலிலிருந்து மறுபடி அமைக்கிறேன். இம்போர்ட் பிழை எது வந்தாலும் முதலில் ‘பைத்தான்3 -எம் சைட்’ என்று அடித்துத் தேடுபாதையைப் பார்க்கிறேன். நிறுவுவதும் நீக்குவதும் அதற்குப் பிறகுதான்.